பின்னால் வரும் வண்டி

சைக்கிளோட்டம் தனிமனிதனின் கலை என்பது என் நெடுநாளைய எண்ணம். மாத்தளையில் ஆசிரியத் தொழில் பார்த்த முப்பது ஆண்டுகளிலும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடைபெறும் சைக்கிளோட்டங்களின் முடிவுகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பும் பணி எனக்கு வாய்த்திருந்தது. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என மூன்று பெயர்கள்; ஓடிய நேரம்; பரிசு வழங்கிய பெரியவர் இன்னார் என்ற குறிப்பு. இவ்வளவே என் செய்தி. ஓடினவன் வென்றான், வென்றவன் பெயர் அச்சேறியது. அதற்கப்பால் எழுதத்தக்க ஒன்று உண்டென்று நான் கருதியதேயில்லை. ஓய்வு பெற்ற பின், பல்லேகமவுக்குப் போய்வந்த ஒரு நாள் அந்த எண்ணத்தைக் குலைத்துவிட்டது.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரை ரிவர்ஸ்டன் கணவாயில் கடந்து, பிட்டவல பத்தனையின் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் தாண்டிப் பல்லேகமவில் இறங்குகிறது. மேற்குச் சரிவில் மிளகும் ஏலமும் மணக்கும். கணவாயில் மூடுபனி முகத்தில் அறையும். கிழக்கே இறங்கினால் வெயில் சுடும். ஒரே காலையில் மூன்று நாடுகளைக் கடந்தாற்போல் இருக்கும். பல்லேகம என்ற சிங்களப் பெயருக்குக் கீழூர் என்பது பொருள். 2018ஆம் ஆண்டு களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பியபோது, அந்தப் பழைய கடைத்தெரு நீரின் கீழேயே போய்விட்டது. இன்று நாம் காண்பது மேட்டில் எழுந்த புதிய ஊர்.

அங்கே முடியும்படி, ஓர் இளைஞர் மன்றத்தார் ஓட்டமொன்றை ஒழுங்கு செய்திருந்தனர். என் பழைய மாணவர் இருவர் அதில் ஓடினர். மூத்தவனுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. நம் நாட்டில் சைக்கிளோட்டத்தைப் பிழைப்பாகக் கொள்ள விரும்புகிறவனுக்கு உள்ள வாசல்களுள் முதன்மையானவை முப்படைகளினதும் பொலிசினதும் விளையாட்டுக் கழகங்களே. அங்கு இடம் கிடைத்தால் மாதச் சம்பளம் உண்டு, நல்ல வண்டி உண்டு, பயிற்சி உண்டு. ஆனால் சேர்வதற்கு வயதெல்லையும் உண்டு. அவ்வாறான கழகமொன்றின் பயிற்றுநர் அன்று பல்லேகமவுக்கு வருவதாகவும், முதல் மூவரைத் தேர்வுக்கு அழைப்பதாகவும் செய்தி பரவியிருந்தது. மூத்தவன் வயதெல்லையை எட்டிக்கொண்டிருந்தான். இளையவனுக்கோ இன்னும் மூன்றாண்டு இருந்தது.

அவர்களின் பின்னால் வந்த வாடகை வானில் நானும் சைக்கிள் திருத்தும் நானாவும் இருந்தோம். ஊரார் எல்லாருக்கும் அவர் நானாதான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, தூசு படிந்து கிடந்த அவர் கடை மீண்டும் உயிர்பெற்றது. பழைய துவிச்சக்கர வண்டிகளை எல்லாரும் தூக்கிக்கொண்டு வந்தனர். ஆயின் உதிரிப்பாகங்களின் விலையும் அப்போதே விண்ணைத் தொட்டது. அன்று நானாவின் மடியில் ஒரு முன்சக்கரமும், காலடியில் காற்றுப்பம்பும் சாவிகளும் இருந்தன.

ஏற்றத்தில் வான் ஊர்ந்துகொண்டிருந்தது. நானா அந்தச் சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். முப்பத்திரண்டு கம்பிகளும் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சுருதியில் ஒலிக்கவேண்டும். ஒன்று தளர்ந்து ஒலித்தால் அதன் பாரம் அயற்கம்பிகளின்மேல் விழும், சக்கரம் கோணும், பின்பு கம்பி அறும். வீணைக்குச் சுருதி கூட்டுகிறவரைப்போல அவர் இருந்தார்.

வெளியே இளையவன் முன்னாலும் மூத்தவன் அவன் பின்சக்கரத்தை ஒட்டியும் சென்றனர். "ஏன் சின்னவன் முன்னுக்குப் போறான்?" என்று கேட்டேன். "காத்த அவன் வாங்குறான், மாஸ்டர்" என்றார் நானா. சமதரையில் வேகமாகச் செல்கையில் ஒருவனின் நிழலில் ஒட்டிச் செல்கிறவனுக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சமாகும். ஏற்றத்தில் வேகம் குறைய அந்த மிச்சமும் குறையும். எதிர்காற்று வீசிய இரத்தோட்டை வரையும், அதற்கப்பாலும், இளையவன் தன் வலுவை மூத்தவனுக்காகச் செலவிட்டுக்கொண்டே வந்தான். இதை நான் முப்பதாண்டுகளாகக் கண்ணால் பார்த்தவன், ஒருநாளும் கண்டறியாதவன்.

ஐரோப்பாவின் பெரும் ஓட்டங்களில் இது தனித்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பிரான்சின் பேரோட்டத்தில் 2018 முதல் அணிக்கு எட்டுப் பேர். பெரும்பாலும் ஒருவர் வெற்றிக்காக மற்ற எழுவர் உழைப்பர்: காற்றைத் தாங்குவர், பின்னால் வரும் அணி வண்டியிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து வருவர், வேண்டினால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பர். இரவில் வீரர் உறங்கச் சென்ற பின்னும் வண்டி திருத்துவோர் சேறு கழுவி, செயினுக்கு எண்ணெயிட்டு, டயர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பர். வண்டியின் நிறை 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. அந்த எல்லையை ஒட்டியே வண்டியை அமைப்பதில் அவர்களின் நுட்பம் தெரியும். இவ்வாறு உதவுகிற வீரரைப் பிரெஞ்சு மொழியில் வேலைக்காரன் என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். 1911இல் பேரோட்டத்தை நடத்திய ஹென்றி தேகிராஞ்ச், மொரிஸ் புரொக்கோ என்பவரை இழித்துரைக்க எறிந்த சொல் அது. வசைச்சொல் பின்னாளில் தொழிற்பெயராயிற்று.

தேகிராஞ்சுக்குப் பிறர் உதவி என்பதே வெறுப்பு. 1913இல் ஒஜேன் கிறிஸ்தோப் என்ற வீரரின் முன்கவை தூர்மலே மலையில் முறிந்தது. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சென்மாரி-து-கம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். எவரும் உதவலாகாது என்பது விதியாதலால், தாமே நெருப்பில் காய்ச்சிக் கவையை ஒட்டவைத்தார். அதிகாரிகள் நின்று பார்த்திருந்தனர். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அதற்காகக் கிறிஸ்தோப்புக்குத் தண்டனை விதிக்கப்பட்டது!

இக்கதையை நானாவுக்குச் சொன்னேன். தண்டனையைக் கேட்டுச் சிரிப்பார் என எண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொடியன்ட பேர் என்ன, மாஸ்டர்?"

நான் படித்த நூலில் அப்பெயர் இருக்கவில்லை. அவர் மேலும் சொன்னார்: "நம்ம மொறிஸ் குமாரவேல் ஒலிம்பிக்குக்குப் போனாரே, அவர்ட பேர் எல்லாருக்கும் தெரியும். அவர்ட சக்கரத்தக் கட்டினது யாரு?" 1960களில் இலங்கைக்காக ஒலிம்பிக் களத்தில் ஓடிய அந்த வீரரைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டதுமில்லை. என்னிடம் எவரும் கேட்டதுமில்லை.

கணவாயைக் கடந்ததும் வீரர்கள் இறக்கத்தில் மறைந்தனர். எங்கள் வானோ ஒரு கொண்டையூசி வளைவில், மேலேறி வந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்றுவிட்டது. பாதை அவ்வளவு ஒடுக்கம். மீண்டும் புறப்பட்டு இரண்டு வளைவு இறங்கியதும் நான் கண்ட காட்சி இன்னும் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மதகின் கட்டில் இளையவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சைக்கிளுக்கு முன்சக்கரம் இல்லை. அருகில் காற்றிழந்த சக்கரமொன்று கிடந்தது.

"அண்ணன்ட டியூப் வெடிச்சிட்டுது, சேர். என்டதக் குடுத்து அனுப்பிட்டேன்" என்றான். குரல் திடமாக இருந்தது. கண்கள் அப்படி இல்லை.

நெம்பை ஒருமுறை திருப்பினால் சக்கரம் கழன்றுவிடும். துல்லியோ கம்பனோலோ என்ற இத்தாலியர் 1930 அளவில் கண்ட சாதனம் அது. ஒரு நிமிடமும் ஆகியிராது. அந்த ஒரு நிமிடத்தில் அவனுடைய ஆண்டு முழுவதும் மற்றவன் வண்டியில் ஏறிப் போய்விட்டது.

1934இல் இருபது வயதேயான ரெனே வியேத்தோ என்ற பிரெஞ்சு வீரர், தம் அணித்தலைவர் அன்ரனின் மாஞ்ஞுக்கு முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை பாதையோரச் சுவரில் அமர்ந்து அழுதார். மறுநாளும் தலைவருக்கு இடர் நேர, கடந்துவந்த பாதையிலே திரும்பி ஏறி வந்து உதவினார். மாஞ் வென்றார், வியேத்தோ ஐந்தாமிடம் பெற்றார். அந்தச் சுவரும் இந்த மதகும் என் மனத்தில் ஒன்றாயின. ஆனால் அதை அப்போது அவனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஐந்தாமவனின் பெருமை பேசி இவனுக்கு ஆறுதல் சொல்வது, சம்பளம் வாங்கி ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு எளிது.

நானா மடியிலிருந்த சக்கரத்தைப் பூட்டி அவனை அனுப்பினார். பின்பு வானில் ஏறி, வெடித்த சக்கரத்தின் டயரைக் கழற்றினார். டயரில் முள்ளுமில்லை, வெட்டுமில்லை. டியூபின் உட்பக்கம் கிழிந்திருந்தது. கம்பிகள் பொருந்தும் துவாரங்களை மூடி ரிம்மின் உள்ளே ஒரு நாடா ஒட்டப்பட்டிருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கப் பிடிக்க ரிம் சூடேறும். பழைய நாடாவின் பசை இளகும். நாடா விலகினால், நூறு இறாத்தல் அழுத்தத்தில் இருக்கும் டியூப் துவாரத்துக்குள் பிதுங்கி வெடிக்கும். நானா அந்த நாடாவை விரலால் தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்தது. பல்லேகம வரை அவர் பேசவில்லை.

மூத்தவன் மூன்றாவதாக வந்திருந்தான். பயிற்றுநர் மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டார். மதகில் நடந்ததை நான் அவரிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார், "நல்ல பிள்ளை" என்றார், புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? முப்பதாண்டுகளாக நானும் மூன்றாம் பெயரோடு பேனாவை மூடியவனன்றோ!

இளையவன் வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தான். மாலையில் நீர்த்தேக்கத்தின் ஓரம் இருவரையும் நிறுத்தி நானா சொன்னார்: "பாதையில பிழையில்ல, டயர்ல பிழையில்ல. நாடாவ மாத்தியிருக்கணும். விலையப் பார்த்து, இன்னும் ஒரு ஓட்டத்துக்குத் தாங்கும்னு விட்டது நான்தான்."

மூத்தவன் தலை குனிந்தான். இளையவன் சற்று நேரம் நீரையே பார்த்துவிட்டுக் கேட்டான்: "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரியவே வந்திருக்காதே, நானா?"

"அதுக்குத்தான் சொன்னேன்" என்றார் அவர்.

அதன்பின் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானா வாளியில் நீர் மொண்டு இரண்டு வண்டிகளையும் கழுவினார். இளையவன் துணியால் துடைத்தான். பழைய பல்லேகமவின் கடைகளும் வாசல்களும் கிடக்கும் அந்த நீரின்மேல் இருள் இறங்கிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பிய இரவு, வழக்கம்போல் முடிவுகளை எழுத உட்கார்ந்தேன். மூன்று பெயர்களை எழுதினேன். நான்காவது வரியில் பேனா நின்றது. ஒன்பதாவதாக வந்தவனை எந்தத் தலைப்பில் எழுதுவது? தன் பிழையைத் தானே சொன்ன கிழவரை எந்த இடத்தில் சேர்ப்பது? முடிவுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்த நான்காம் வரிதான், அன்பர்களே, இக்கட்டுரை.