புதியவர் ஏன் வருவதில்லை? பறவை பார்ப்போர் சொல்லும் பாடம்

காலை ஏழரை மணி. கெர்லிங் வட்டாரத்தில் ஏதாவது ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம் நின்று பாருங்கள். மின்கம்பியில் ஒரு மீன்கொத்தி, கால்வாய் ஓரம் கொக்கு, மரத்துக்குள்ளிருந்து குயிலின் குரல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்துக் கேட்டால், முகம் தெரியாத பறவையைக்கூட குரலை வைத்தே சொல்லிவிடுவார். பக்கத்திலேயே அவருடைய பேரன் கைத்தொலைபேசியில் மூழ்கியிருப்பான். அவன் இருக்கும் புலனக் குழுக்கள் பத்துக்கு மேல். தாத்தாவுக்குத் தெரிந்ததைக் கேட்பதற்கு அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இந்த இருவரையும் ஓரிடத்தில் சேர்க்க முடியுமா? முடியும் என்று கடந்த இருபது ஆண்டுகளில் உலகெங்கும் உள்ள பறவை பார்ப்போர் காட்டியிருக்கிறார்கள். ஆர்வத்தால் சேரும் இணையக் குழு எதுவானாலும், தபால்தலை சேகரிப்போ, வீட்டுத் தோட்டமோ, புகைப்படமோ, அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது.

தொடக்கத்தில் திருவிழா, மூன்றாம் மாதம் மௌனம்

இணையக் குழு தொடங்குவது எளிது. தெரிந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துவிடுவோம். முதல் வாரம் ஒரே ஆரவாரம். மூன்றாம் மாதம் எட்டிப் பார்த்தால் "காலை வணக்கம்" படங்களும், எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்புகளும்தான் மிஞ்சியிருக்கும். பேசுகிறவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் பார்வையாளர்கள். புதியவர் யாரும் வருவதில்லை, வந்தவரும் நிலைப்பதில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை" என்று குறை சொல்வது வழக்கம். ஆனால், வாசலில் தயங்கி நிற்பவரின் மனத்தில் ஓடுவது வேறு. "எனக்கு ஒன்றும் தெரியாதே", "கேட்டால் சிரிப்பார்களோ", "இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டுமே", "நேரம் எங்கே இருக்கிறது?" இந்த நான்குமே தயக்கத்தின் குரல்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாத குழு எவ்வளவு விளம்பரம் செய்தாலும் வளராது.

ஈபேர்ட் கற்ற பாடம்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் அடுபன் சங்கமும் சேர்ந்து 2002இல் 'ஈபேர்ட்' என்ற இணையப் பதிவேட்டைத் தொடங்கின. எங்கே, எப்போது, எந்தப் பறவையை, எத்தனை பார்த்தோம் என்று யாரும் பதியலாம். நோக்கம் உயர்ந்தது, அறிவியலுக்கு உதவுவது. ஆனால், முதல் சில ஆண்டுகளில் எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை.

காரணம் என்ன? "அறிவியலுக்காக உங்கள் தகவலைக் கொடுங்கள்" என்று மட்டுமே கேட்டார்கள். கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை யோசிக்கவில்லை. பிறகு அணுகுமுறையை மாற்றினார்கள். ஒருவர் தம் வாழ்நாளில் பார்த்த பறவைகளின் பட்டியல், தம் வீட்டு வளாகத்தில் கண்டவை, தம் வட்டாரத்தில் மற்றவர்கள் கண்டவை என எல்லாவற்றையும் அவரே பார்க்க வழி செய்தார்கள். அதன் பிறகு பதிவுகள் வேகமாகக் கூடின. 2010இல் ஈபேர்ட் உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது.

இதிலிருந்து தெரிவது ஒன்று. புதியவர் சங்கத்துக்கு உதவி செய்ய வருவதில்லை. தம் ஆசைக்காக வருகிறார். அந்த ஆசைக்கு முதலில் தீனி போட்டால், உதவி தானாகப் பின்னால் வரும்.

பொங்கலோடு சேர்ந்த கணக்கெடுப்பு

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்குள்ள பறவை ஆர்வலர்கள் 2015இல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். பொங்கல் விடுமுறை நாள்களில் வீட்டு மொட்டை மாடி, வயல், குளக்கரை, கோயில் வளாகம் என எங்காவது குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி ஈபேர்டில் பதிய வேண்டும். அவ்வளவுதான்.

இந்தப் பதினைந்து நிமிடக் கணக்கு, அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'பெருங்கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்'பிலும் உண்டு. பிப்ரவரியில் நடக்கும் அது 2013 முதல் உலகளவில் நடக்கிறது. தமிழ்நாட்டார் செய்த புதுமை, அதைத் தங்கள் பண்டிகையோடு இணைத்ததுதான். பொங்கல் என்றால் ஊருக்குப் போவோம். ஊரில் தாத்தா பாட்டி இருப்பார்கள், வயல் இருக்கும், நேரமும் இருக்கும். கனுப்பிடி வைத்து காக்கையைக் கூப்பிடும் வழக்கமும் இருக்கிறது. பறவைக்குச் சோறு வைப்பவரிடம் "அப்படியே எண்ணிச் சொல்லுங்கள்" என்று கேட்பது எவ்வளவு எளிது!

வாசலில் நின்ற நான்கு தயக்கங்களுக்கும் இங்கே பதில் கிடைத்துவிட்டது. நேரம் பதினைந்து நிமிடம். கருவி தேவையில்லை, கண்ணும் காதும் போதும். காக்கை, மைனா தெரிந்தால் தொடங்கிவிடலாம். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். கேரளத்தில் ஓணத்தையும், அசாமில் பிகுவையும் ஒட்டி இதே போன்ற கணக்கெடுப்புகள் நடக்கின்றன.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய முதல் அறிக்கை 2020இல் வெளிவந்தபோது, அதற்குப் பதிவு கொடுத்தவர்கள் ஏறக்குறைய 15,500 பேர். அடுத்த அறிக்கை 2023இல் வந்தபோது அந்த எண்ணிக்கை 30,000ஐ எட்டியிருந்தது. பதிவுகள் மூன்று கோடி. அதைக் கொண்டு 942 வகைப் பறவைகளின் நிலையை மதிப்பிட்டார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 விழுக்காடு குறைந்து வருவது தெரிந்தது. இந்த உண்மை வெளிவர உழைத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். மாடியில் நின்று மைனாவை எண்ணியவர்கள்!

கெர்லிங்கில் என்ன இருக்கிறது?

"தமிழ்நாட்டில் சரி, நம் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் வரைபடத்தைப் பார்க்கட்டும். கோல குபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கெர்லிங். கோல குபு பாருவிலிருந்து மலையேறினால் பிரேசர் மலை. 1988இல் தொடங்கிய அனைத்துலகப் பறவை காணும் போட்டியால் பெயர் பெற்ற இடம் அது. மேற்கே கடலை நோக்கிப் போனால் தஞ்சோங் காராங், சிக்கிஞ்சான் நெல் வயல்கள். அதற்குத் தெற்கே 1987இல் உருவான கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவும் அதன் அலையாத்திக் காடும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரையொட்டி வடக்கே சைபீரியா வரையிலான நாடுகளிலிருந்து கடலோரம் வந்திறங்கும் பறவைகள் ஏப்ரல் வாக்கில் திரும்பும். பொங்கலும் தைப்பூசமும் அந்தப் பருவத்தின் நடுவில்தான் வருகின்றன.

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பவை நம் தோட்டங்கள். அங்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மலாயாவுக்குக் காக்கை எப்படி வந்தது தெரியுமா? இன்று நகரெங்கும் கரையும் சாம்பல் கழுத்துக் காக்கை, 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தது நாம் மட்டுமல்ல!

கூகையின் கதை இன்னும் சுவையானது. மலாய் மொழியில் ஆந்தை இனத்தைப் 'பேய்ப் பறவை' என்பார்கள். நாமும் அது அலறினால் சகுனம் சரியில்லை என்போம். செம்பனைத் தோட்ட நிர்வாகங்களோ அதற்கு மரப்பெட்டி செய்து கம்பத்தில் கூடு அமைத்துக் கொடுக்கின்றன. காரணம், செம்பனைத் தோட்டத்தில் வாழும் கூகையின் உணவு ஏறக்குறைய முழுவதும் எலிதான். பழத்தைக் கடித்து நட்டம் ஏற்படுத்தும் எலிக்கு அதுவே காவல்காரன். அந்தப் பெட்டியைத் தினமும் கடந்து போகும் தொழிலாளிக்கு, எந்தப் பெட்டியில் குஞ்சு இருக்கிறது என்பது தெரியும். அவரைவிடச் சிறந்த உறுப்பினர் யார்?

செய்ய வேண்டியவை என்ன?

கெர்லிங் வட்டாரத்தில் பத்துப் பேர் சேர்ந்து இப்படி ஓர் இணையக் குழு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். புதியவர் வந்து நிலைக்க அவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, சேர்ந்த அன்றே செய்ய ஒரு சிறு வேலை. "குழுவுக்கு வரவேற்கிறோம்" என்பதோடு நிறுத்தாமல், "இன்று உங்கள் வீட்டு வாசலில் கண்ட ஒரு பறவையைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். பதில் சொன்ன மறுகணமே அவர் பார்வையாளர் அல்லர், உறுப்பினர்.

இரண்டாவது, கேள்விக்கு அன்றைக்கே பதில். புதியவர் அனுப்பிய மங்கலான படத்துக்கு ஒரு நாள் முழுதும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால், அவர் மறுபடி அனுப்பமாட்டார். இதற்கென்று வாரம் ஒருவர் முறை வைத்துக்கொள்ளலாம். பதில் தெரியாவிட்டால் கார்னெல் ஆய்வகத்தின் 'மெர்லின்' என்ற இலவசச் செயலி உதவும். பறவையின் அளவு, நிறம், இடம் சொன்னாலோ படம் கொடுத்தாலோ பெயர்களைப் பரிந்துரைக்கும். ஆனாலும் "நல்ல படம், எங்கே பார்த்தீர்கள்?" என்று மனிதர் கேட்பதைச் செயலி தராது.

மூன்றாவது, தவறைத் திருத்தும் முறை. கொக்கை நாரை என்று சொன்னவரை எல்லோர் முன்னும் கேலி செய்தால், அவரோடு சேர்ந்து பேசாமல் இருக்கும் இருபது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஈபேர்டில்கூட வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், அதைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் பதிந்தவரைத் தனியே தொடர்பு கொண்டுதான் விளக்கம் கேட்கிறார்கள்.

நான்காவது, மொழி. ஆங்கிலப் பெயர் தெரிந்தால்தான் பேசலாம் என்ற நிலை கூடாது. தாத்தா 'மீன்கொத்தி' என்பார். பேரன் பள்ளியில் 'ராஜா ஊடாங்' என்று படித்திருப்பான். 'இறால் ராஜா' என்று பொருள். இரண்டும் ஒரே பறவைதான் என்று தெரியும்போது இருவருக்கும் மகிழ்ச்சி. வட்டாரத்தில் அடிக்கடி காணும் இருபது பறவைகளுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலப் பெயர்களோடு ஒரு பட்டியல் போட்டால், அதுவே புதியவருக்குக் கொடுக்கும் தாம்பூலம். தட்டச்சு தெரியாத பெரியவர்கள் குரல்பதிவு அனுப்பட்டும். இளையவர் ஒருவர் அதை எழுதிப் பதியட்டும்.

ஐந்தாவது, திரையை விட்டு வெளியே வருவது. இணையத்தில் கிடைத்த நட்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் சந்தித்தால்தான் உறுதிப்படும். ஒரு முறை தோட்டத்துச் சாலை, மறுமுறை கோல சிலாங்கூர் பூங்கா. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் மாணவர்களும், அவர்கள் மூலம் பெற்றோரும் வருவார்கள். பிள்ளைகள் வரும்போது பெரியவர் துணை கட்டாயம். அவர்களின் தொலைபேசி எண்களைப் பொதுக் குழுவில் போடக்கூடாது.

ஆறாவது, சில கட்டுப்பாடுகள். குழுவின் பொருளுக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் சொல்லவே கூடாது. 'முராய் பத்து' போன்ற பாடும் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஆர்வம் அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது.

காத்திருக்காத காலம்

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். வீடு மாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டோம். எந்தக் கால்வாயில் எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்ற அறிவை யாரும் மூட்டை கட்டவில்லை. அது இன்னும் சில பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும். நாளை அந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டமோ தொழிற்சாலையோ வரும்போது, "இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு பதிவு வேண்டாமா?

ஆகவே, புதியவரைச் சேர்ப்பது தலை எண்ணிக்கைக்கான வேலையன்று. ஒரு தலைமுறை பார்த்ததை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் வேலை.

அடுத்த பொங்கலன்று பானை பொங்கி முடிந்ததும், வீட்டிலுள்ள மூத்தவரோடும் இளையவரோடும் வாசலில் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். பெரியவர் சொல்லட்டும், சிறியவர் பதியட்டும். இரண்டு உறுப்பினர்களோடு உங்கள் குழு அன்றே தொடங்கிவிடும்.