பத்துச் சிம்பில் ஒரு நட்சத்திரம்

டிசம்பர் பிறந்தால் கேரளத்தில் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் நட்சத்திரம் ஏறிவிடும். சிரியன் கிறிஸ்தவர்களுக்கு 1-ஆம் தேதியே இருபத்தைந்து நோன்பு தொடங்குகிறது. மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய ஃபோர்ட் கொச்சியிலும் இந்த மாதம் தெருவெல்லாம் வெளிச்சம்தான். வேலி மைதானத்துத் தூங்குமூஞ்சி மரம் கிளை கிளையாகச் சீரியல் விளக்கு உடுத்தும். 31-ஆம் தேதி நள்ளிரவில் பரேடு மைதானத்தில் 'பாப்பாஞ்சி' என்னும் கிழவர் பொம்மை எரியும். 1568-இல் கட்டிய யூத ஆலயம் உள்ள தெருவில், ஹனுக்காவின் எட்டு நாள் தீபங்களும் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் ஏற்றப்பட்டன. விளக்கேற்றிப் பண்டிகை கொண்டாடுவது இந்த ஊருக்கு ரத்தத்தில் ஊறியது.

ஆனால் வாசலில் தொங்கும் நட்சத்திரம் மாறிவிட்டது. மடக்கி விற்கும் அச்சுக் காகிதம், பிளாஸ்டிக், எல்.இ.டி. குழல் என்று எல்லாமே கடைச் சரக்கு. முன்பு இதை வீட்டிலேயே கட்டினார்கள். மூங்கில் அல்லது பாக்குமரச் சிம்பு, சணல் நூல், கலர் பேப்பர், மைதாப் பசை, இவ்வளவுதான் செலவு. அந்தக் கைவேலை திரும்ப வரவேண்டும்.

கட்டும் விதம்

அரை அங்குல அகலத்தில், வளைத்தால் முறியாத கனத்தில், 3 அடி நீளச் சிம்புகள் பத்து வேண்டும். பச்சை மூங்கில் என்றால் ஓரிரு வாரம் நீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துங்கள். மாவுச்சத்து கரைந்துபோவதால் உளு அரிப்பது குறையும்.

ஒவ்வொரு சிம்பிலும் இரு முனையிலிருந்தும் 13¾ அங்குலத்தில் கோடு போடுங்கள். ஐந்து சிம்புகளைக் கையெடுக்காமல் இழுக்கும் நட்சத்திரக் கோலம்போல மேலும் கீழுமாகப் பின்னி அடுக்கினால், அந்தக் கோடுகளில்தான் ஒன்றையொன்று வெட்டும். அடுத்தடுத்த இரு முனைகளுக்கு இடையே 22¼ அங்குலம் வந்தால் கட்டு கோணவில்லை என்று அர்த்தம். இதேபோல இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளை இறுக்கிக் கட்டியபின், உள்ளே ஐந்து சந்திப்புகளிலும் 6 அங்குலக் குச்சிகளை நடுவில் கொடுத்து நிமிர்த்துங்கள். தட்டையாகக் கிடந்தது அந்த நொடியில் வயிறு உப்பி எழுந்துவிடும். பிள்ளைகள் கைதட்டும் இடம் இதுதான்.

பேப்பரை லேசாகத்தான் இழுத்து ஒட்டவேண்டும். பசை காயும்போது அது தானே விறைத்துக்கொள்ளும். பின்பக்கத்து நடு ஐங்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டால் பல்பு மாட்ட வாசல் கிடைக்கும். ஒரு காலத்தில் உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தது. பிறகு குண்டு பல்பு வந்தது. குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். காகிதத்துக்கு அது ஆபத்து. 5 வாட் எல்.இ.டி. பல்பே போதும். அதுவும் காகிதத்தில் படாமல் தொங்கட்டும். ஒயர் இணைப்பில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பனியும் மழையும் படாத இறவாரத்தில் மாட்டுங்கள்.

ஊருக்கு ஊர் ஒரு விளக்கு

பிலிப்பைன்ஸில் மூங்கிலும் காகிதமும் கொண்டு 'பரோல்' கட்டுகிறார்கள். இலங்கையில் வெசாக் கூடு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் 1830-களில் ஒரு மொராவியப் பள்ளியில் வடிவியல் பாடமாகப் பிறந்தது. நம் சிம்பு நட்சத்திரத்திலும் அதே பாடம் இருக்கிறது. 13¾-ஐயும் 22¼-ஐயும் அளந்து பார்க்கும் பிள்ளை, கணித ஆசிரியர் பின்னாளில் சொல்லப்போகும் தங்க விகிதத்தை விரலால் தொட்டுவிடுகிறது.

கடை நட்சத்திரம் கிழிந்தால் குப்பைக்குப் போகும். கட்டிய நட்சத்திரம் கிழிந்தால் ஒரு தாள் மாற்றினால் தீர்ந்தது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் காகிதத்தை உரித்துவிட்டுச் சட்டத்தைப் பரணில் வையுங்கள். அடுத்த டிசம்பருக்கும் அதற்கடுத்ததற்கும் அது உழைக்கும்.

இந்த வருடம் பேப்பரும் நூலும் மட்டும் வாங்குங்கள். சிம்பு சீவத் தெரிந்த பெரியவர்கள் தெருவுக்கு ஓரிருவராவது இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப்போய் பக்கத்தில் உட்காரவையுங்கள்.