கணக்கில் சேர்ந்த மண்புழு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோள வயலோரம் நின்று பார்த்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஓடைக்கரைக்கு இறங்கினால் ஒரு குழாயின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். மழை விட்டு இரண்டு நாளாகியும் அதிலிருந்து தெளிந்த நீர் கொட்டும். வயலுக்கு அடியில், ஏறத்தாழ மார்பளவு ஆழத்தில், துளையிட்ட வடிகுழாய்கள் வரிசையாகப் புதைந்திருக்கின்றன. அவை இல்லையென்றால் மழைக்குப்பின் பல நாள் அங்கே டிராக்டர் இறங்க முடியாது.

அந்நாட்டில் இதைத் தொடங்கிவைத்தவர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன். 1830களில் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா அருகே சுட்ட களிமண் குழாய்களைத் தன் நிலத்தில் புதைத்தார். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவரோ 320 ஏக்கரில் 72 மைல் நீளத்துக்குப் புதைத்துவிட்டார்.

புதைப்பதைவிடக் கடினம், எவ்வளவு நீர், எதைச் சுமந்து, எப்போது வெளிவரும் என்று கணிப்பது. ஒரு ஹெக்டேரில் 25 மி.மீ. மழை பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் இருபது நடைக்கும் மேல். ஆனால் குழாயைச் சுற்றி மண் ஈரமாக இருந்தாலே நீர் உள்ளே வந்துவிடாது. கொடியில் போட்ட வேட்டி, சொட்டுவது நின்ற பிறகும் ஈரமாகத்தானே இருக்கிறது? அதுபோல மண்ணின் நுண்துளைகள் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். நீர்மட்டம் குழாய்க்கு மேல் உயர்ந்தால்தான் அந்தப் பிடி தளரும்.

அந்தப் பிடியும் மாறிக்கொண்டே இருக்கும். மண் காயக் காய, பெரிய துளைகள் முதலில் காலியாகும். நீருக்கு மிஞ்சுவது குறுகிய சந்துகள். நகரும் வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். இதையெல்லாம் 1931இல் லொரென்ஸோ ரிச்சர்ட்ஸ் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். அபாரமான சமன்பாடு, ஆனால் உண்மையான வயலுக்கு அதைக் கையால் தீர்க்க வழியில்லை. கணினியோ மண்ணை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, அடுக்கிலிருந்து அடுக்குக்கு நீரைக் கணக்கெழுதி இறக்குகிறது. மழை கொட்டும்போது கணக்கு நொடிக்கணக்கில் அடியெடுத்து வைக்கும், வறண்ட நாளில் தாவிப் போகும்.

நீரோடு வேதிப்பொருளும் வருகிறது. உரத்திலிருந்து உண்டாகும் நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம். களிமண் துகளுக்கும் அதேதான். ஒன்றையொன்று விலக்குவதால் நைட்ரேட் மண்ணில் ஒட்டாமல் நீர் போகும் இடமெல்லாம் போகும். பூச்சிமருந்துகளிலும் களைக்கொல்லிகளிலும் பலவும் வேறு ரகம். மண்ணின் மக்கில் ஒட்டிக்கொள்பவை. மார்பளவு ஆழம் இறங்க மாதங்கள், ஆண்டுகள்கூட ஆக வேண்டும். ஆனால் தெளித்த பிறகு வரும் முதல் கனமழையிலேயே, சில மணி நேரத்தில், அவை குழாய்நீரில் தலைகாட்டியிருக்கின்றன!

வழிவிட்டது மண்புழு. அதன் வளைகளும், செத்த வேர்கள் விட்டுப்போன துவாரங்களும் மேலிருந்து கீழே நேர்ப்பாதை போடுகின்றன. பெருந்துளைகள் என்று இவற்றுக்குப் பெயர். மெல்லிய துளையில் ஓடும் நீரின் அளவு, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். விட்டம் இரட்டித்தால் 16 மடங்கு. 0.01 மி.மீ. நுண்துளையோடு 1 மி.மீ. துவாரத்தை ஒப்பிட்டால் பத்துக் கோடி மடங்கு! மண்ணில் ஒட்டிக்கொள்ள மருந்துக்கு நேரமே கிடைப்பதில்லை.

எனவே அமெரிக்க வேளாண் துறை அறிவியலாளர்கள் உருவாக்கிய ‘வேர்மண்டல நீர்த்தர மாதிரி’ என்னும் கணினிக் கணக்கில் இரண்டு பாதைகள் உண்டு. மண் வழியாக ஊறிச் செல்லும் நீருக்கு ஒரு கணக்கு, துவாரங்களில் பாய்வதற்குத் தனிக் கணக்கு. இயற்பியல் சூத்திரங்கள் நடுவே மண்புழுவுக்கும் இடம் ஒதுக்கியிருப்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

வட கரோலினாவில் வெய்ன் ஸ்காக்ஸ் 1970களில் உருவாக்கிய ‘டிரெய்ன்மாட்’ மாதிரி வேறொரு கேள்விக்கு உதவியது: வடிகாலை எந்நேரமும் திறந்தே வைக்க வேண்டுமா? இப்போது சில வயல்களில் குழாய் முடியுமிடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. அறுவடை முடிந்ததும் விவசாயி அதில் பலகைகளைச் செருகுகிறார். நீர்மட்டம் உயர்கிறது, வெளியேறும் நீரும் அதோடு ஓடைக்குப் போகும் நைட்ரேட்டும் குறைகின்றன. விதைப்புக்குச் சில வாரம் முன்பு பலகைகளை உருவி எடுத்துவிடுகிறார்.