பாக்கெட்டில் அச்சிட்டதுதான் பால் விலை

அரை லிட்டர் ஆவின் பாக்கெட்டில் 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் 22 கேட்கிறார். ஏன் என்றால் 'கூலிங் சார்ஜ்' என்கிறார். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போகிறோம். நெய்வேலியில் எந்த வட்டத்தில் கேட்டாலும் இதே கதைதான். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு மாதம் 120 ரூபாய் நஷ்டம்.

2021 மே மாதம் அரசு ஆவின் பாலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. அரை லிட்டருக்கு ஒன்றரை ரூபாய். கூலிங் சார்ஜ் கொடுப்பவருக்கு அந்தக் குறைப்பு வந்து சேரவே இல்லை.

அரசு விலை வைப்பது ஆவினுக்கு மட்டும். தனியார் பாலுக்கு அந்தந்த நிறுவனமே விலை வைக்கிறது. ஆனால் பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது எல்லாப் பாலுக்கும் பொது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011, 18-ஆம் விதி அது. குளிர்பெட்டிக்கான மின்கட்டணம் வியாபாரியின் செலவு. கூலிங் சார்ஜ் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது.

நம்மவர்கள் தவறுவது புகாரில்தான். என்.எல்.சி. நகர நிர்வாகத்திடம் போகிறார்கள், காவல் நிலையம் போகிறார்கள், வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்க்கிறார்கள். இந்த விதியை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. கடலூரிலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குத்தான் மனு போக வேண்டும்.

அதற்குமுன் ஆதாரம் சேருங்கள். பாலை மட்டும் தனியாக வாங்குங்கள்; பிரெட்டோடு சேர்த்து வாங்கினால் கணக்கு குழம்பிவிடும். ரொக்கம் வேண்டாம், ஜிபேயில் செலுத்துங்கள். கடையின் பெயரும் 22 ரூபாயும் நேரமும் அதில் பதிவாகிவிடும். பாக்கெட்டின் விலையும் தேதியும் தெரியும்படி படம் எடுங்கள். கவரைக் கழுவிப் பத்திரப்படுத்துங்கள். மனுவில் கடையின் பெயர், வட்டம், தேதி, நேரம், அச்சிட்ட விலை, வாங்கிய விலை ஆகியவற்றை எழுதிப் பட நகல்களை இணையுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். "பார்க்கிறோம், போங்க" என்ற வாய்ப்பேச்சு எந்தக் கோப்பிலும் ஏறாது.

கடலூர் போக முடியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். ஆவின் கடை என்றால் 1800 425 3300. கலப்படச் சந்தேகம் வேறு துறையின் வேலை. உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் 94440 42322. விலைப் புகாரை அங்கே அனுப்பி நாளைக் கடத்தாதீர்கள்.

முப்பது நாளாகியும் அசைவில்லையா? அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். திங்கட்கிழமைகளில் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கிறது. ஆதாரம் இருந்தும் ஆய்வுக்கு வராத அதிகாரி, கூடுதலாக வசூலிக்கும் கடைக்குத் துணை நிற்கிறார்.

மறுபடியும் சொல்கிறேன்: படம், ஜிபே பதிவு, ஒப்புகைச் சீட்டு. முதல் இரண்டும் கையில் இல்லாமல் கடலூருக்குப் பஸ் ஏறாதீர்கள்; மூன்றாவது இல்லாமல் அங்கிருந்து திரும்பாதீர்கள்.