கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காரையும் கட்டை வண்டியாக்கும் ஷோரூம் மறதி: பூஜைக்கு கிளம்பும் முன் பார்க்க வேண்டியது என்ன?

கனகம்மாசத்திரம்:-

சென்னை-திருப்பதி தேசிய நெடுஞ்சாலையில் கனகம்மாசத்திரத்தை தாண்டிப் போகும் புது வண்டிகள் ஏராளம். போகும்போது வெறும் கண்ணாடியோடு போகும். திரும்பும்போது மாலை, சந்தனம், குங்குமத்தோடு வரும். ஷோரூமில் சாவி வாங்கிய கையோடு திருத்தணி முருகன் கோவிலுக்கோ, திருப்பதிக்கோ ஓட்டிப்போய் பூஜை போடுவது பலருக்கும் வழக்கம். ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோவில் இருந்து தரையோடு தரையாக பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வரை இதில் பேதம் கிடையாது.

ஆக, அந்த வண்டிகளுக்கு முதல் நீண்ட பயணமே இந்த ரோடுதான். முதல் சடன் பிரேக், முதல் பள்ளம், முதல் மலை வளைவு எல்லாம் இங்கேதான். ஷோரூமில் யாராவது எதையாவது மறந்திருந்தால் அதுவும் இங்கேதான் தெரிய வரும்.

"புது வண்டியில என்ன கோளாறு இருக்கப் போவுது?" என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் பேக்டரியில் இருந்து வரும் கார், ஓட்டுவதற்கு தயாரான நிலையில் வருவது இல்லை. கப்பலிலும், டிரெய்லர் லாரியிலும் அடிபடாமல் வந்து சேருவதற்காக கட்டிப்போட்ட நிலையில் வருகிறது. அந்த கட்டை எல்லாம் அவிழ்த்து, எண்ணெய், காற்று, நட்டு, பேட்டரி பார்த்து கொடுக்க வேண்டியது டீலரின் வேலை. ஷோரூம்காரர்கள் இதை சுருக்கமாக பி.டி.ஐ. என்பார்கள். டெலிவரிக்கு முந்தைய சோதனை என்று அர்த்தம்.

இதற்கு என்று ஒரு தாள் உண்டு. மெக்கானிக் ஒவ்வொன்றாக பார்த்து டிக் அடித்து கையெழுத்து போட வேண்டும். மாதக் கடைசியிலும், ஆயுத பூஜை நேரத்திலும் ஒரே நாளில் வரிசையாக டெலிவரி இருக்கும்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டிக் அடிப்பது சுலபம். காருக்கு அடியில் குனிந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

ஸ்பிரிங்கில் சிக்கிய கட்டை

இதில் விசித்திரமான மறதி ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்கள் தரையில் இருந்து கொஞ்சம் உயரத்தில்தான் இருக்கும். டிரெய்லரில் ஏற்றும்போதும், கப்பலில் பெல்ட் போட்டு இறுக்கும்போதும் கார் மேலும் கீழும் ஆடினால் அடிப்பாகம் இடித்து விடும். இதை தடுக்க முன் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கட்டைகளை சொருகி அனுப்புவது பல கம்பெனிகளின் வழக்கம். ஸ்பிரிங் அமுங்காது, காரும் ஆடாது. ஊர் வந்து சேர்ந்ததும் டீலர் அதை கழற்றி எடுத்துவிட வேண்டும்.

கழற்ற மறந்தால்? கார் ஓடும். என்ஜின் உறுமும். ஏ.சி. வேலை செய்யும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எதுவும் எரியாது. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் வாங்க வேண்டிய அடியை பாடி நேராக வாங்கும். தூக்கித் தூக்கிப் போடும். முன்பக்கம் "டொக் டொக்" என்று சத்தம் வரும். வளைவில் டயர் ரோட்டை கவ்விப் பிடிக்காமல் துள்ளும். திருத்தணி மலைப்பாதை வளைவில் பிரேக் அடிக்கும்போது அப்படி துள்ளினால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சாதாரண குடும்பக் காரில் இப்படி இருந்தால் மறுநாளே ஷோரூமில் போய் சண்டை போட்டு விடுவார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவரோ, "ஸ்போர்ட்ஸ் கார்னா இப்படித்தான் கல்லு மாதிரி இருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். நண்பர்களும் அதையே சொல்வார்கள். இதனால்தான் கட்டை மாதக்கணக்கில் உள்ளேயே இருந்துவிட வாய்ப்பு உண்டு. கோடி ரூபாய் கொட்டி வாங்கியது கட்டை வண்டி சவாரியாகி விடும்.

கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக திருப்பி வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை முன் சக்கரத்துக்கு உள்ளே அடித்து பார்த்தால் ஸ்பிரிங் தெரியும். சுருளுக்கு நடுவில் சம்பந்தம் இல்லாமல் ஏதாவது மாட்டிக்கொண்டு நின்றால் கேட்டுவிட வேண்டும். அதே மாடல் கார் பக்கத்தில் நின்றால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒப்பிட்டு பார்க்கலாம்.

50 பவுண்டு காற்று

அடுத்தது டயர். வாரக்கணக்கில் கப்பலிலும், யார்டிலும் ஒரே இடத்தில் நிற்கும் கார்களுக்கு டயரின் அடிப்பக்கம் தட்டையாகி விடும். அதனால் காற்றை அதிகமாக, சில சமயம் 50 பவுண்டு வரைக்கும் அடித்து அனுப்புவார்கள். ஓட்டுவதற்கு பெரும்பாலான கார்களுக்கு 30 முதல் 35 பவுண்டு போதும். டீலர் குறைக்க மறந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும். ஸ்டீயரிங் நிலையாக நிற்காது, பிரேக் போட்டால் கார் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும், டயரும் நடுவில் மட்டும் தேயும்.

சரியான அளவு எவ்வளவு என்று டிரைவர் கதவை திறந்தால் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். டயர் சூடாவதற்கு முன்பு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வீலில் ஒட்டிய பிளாஸ்டிக் காகிதத்தை கிழிக்காமல் விடுவது, வீல் நட்டை சரியாக முறுக்காமல் விடுவது, பேட்டரி இறங்காமல் இருக்க கழற்றிய பியூசை திரும்ப மாட்டாமல் விடுவது என்று இன்னும் பல உண்டு. அழுக்குத் துணியால் துடைத்து கறுப்பு பெயிண்டில் வட்ட வட்டமாக கோடு போட்டு கொடுப்பதும் இந்த ரகம்தான். அதில் உயிருக்கு ஆபத்து இல்லை, மனசுதான் வலிக்கும்.

கால்மிதியால் 4 பேர் பலி

உயிரையே பறித்த சம்பவமும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் சான்டியாகோ அருகே 2009-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி நடந்தது இது.

நெடுஞ்சாலை ரோந்து போலீஸ் அதிகாரி ஒருவர் தன் லெக்சஸ் காரை சர்வீசுக்கு விட்டிருந்தார். அதுவரை ஓட்டிக்கொள்ள டீலர் அவருக்கு வேறு ஒரு லெக்சஸ் இ.எஸ்.350 காரை கொடுத்தார். அதில் மனைவி, மகள், மைத்துனருடன் அவர் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது. கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் சீறியது. மைத்துனர் செல்போனில் அவசர போலீசை அழைத்து, பிரேக் பிடிக்கவில்லை என்று கதறினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கார் இன்னொரு வண்டியில் மோதி, சாலையை விட்டு பாய்ந்து தீப்பிடித்தது. 4 பேரும் பரிதாபமாக இறந்தனர்.

விசாரணையில் தெரிய வந்தது திடுக்கிட வைத்தது. அந்த காரில் போட்டிருந்தது அதற்கு உரிய கால்மிதி அல்ல. வேறு ஒரு பெரிய லெக்சஸ் மாடலுக்கு உண்டான ரப்பர் மேட். அதுதான் ஆக்சிலேட்டர் பெடலை பிடித்துக்கொண்டது. சில நாட்களுக்கு முன்பு அதே காரை ஓட்டிய இன்னொரு வாடிக்கையாளருக்கும் பெடல் சிக்கியிருக்கிறது. ஷோரூமில் அதை அவர் சொல்லியும் இருந்தார். யாரும் மேட்டை மாற்றவில்லை.

அதன் பிறகு டொயோட்டா கம்பெனி 38 லட்சம் கார்களில் கால்மிதியை எடுத்துவிடச் சொல்லி அறிவித்தது. பாதுகாப்பு குறைகளை மறைத்த வழக்கில் 2014-ம் ஆண்டு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் டெலிவரி அன்று "ப்ரீ கிப்ட்" என்று சொல்லி, இருக்கிற மேட்டுக்கு மேலேயே இன்னொரு மேட்டை போட்டுத் தருவது உண்டு. டிரைவர் பக்கம் ஒரே மேட்தான் இருக்க வேண்டும். அதுவும் கொக்கியில் மாட்டி, நகராமல் இருக்க வேண்டும்.

கோர்ட்டு சொன்னது

கோளாறு இருந்தால் யாரை பிடிப்பது? கோவாவில் ஒருவர் 2011-ம் ஆண்டு தயாரிப்பு காருக்கு பணம் கட்டினார். டீலர் தலையில் கட்டியதோ 2009-ல் தயாரான கார். ஏற்கனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அடிப்பாகத்தில் துரு வேறு. நுகர்வோர் மன்றங்கள் டீலரோடு சேர்த்து டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியும் பொறுப்பு என்றன. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியை விடுவித்தது. டீலர் தனி வியாபாரி, அவர் செய்த தவறு கம்பெனிக்கு தெரிந்திருந்தது என்று நிரூபிக்காவிட்டால் கம்பெனியை பிடிக்க முடியாது என்றது தீர்ப்பு. பேக்டரியில் விட்ட குறை வேறு, ஷோரூமில் விட்ட குறை வேறு. எது யாருடையது என்று முதலிலேயே எழுத்தில் பிடித்து வைக்காவிட்டால் இரண்டு பேரும் கையை விரிப்பார்கள்.

காலமும் கரையும். 2009 செப்டம்பரில் ஐதராபாத்தில் ஒரு நிறுவனம் வாங்கிய பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரில் 4 நாளிலேயே கோளாறு. போலீஸ் புகார், ஐகோர்ட்டு என்று போன அந்த விவகாரத்தில் ரூ.50 லட்சம் கொடுத்து முடிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2024 ஜூலையில்தான். நடுவில் ஓடியது கிட்டத்தட்ட 15 வருஷம்.

எனவே ஆர்.டி.ஓ. ஆபீசில் ரிஜிஸ்டர் ஆவதற்கு முன்பே வண்டியை நேரில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். நம்பர் விழுந்துவிட்டால் அது உங்கள் வண்டி, மாற்றிக் கேட்பது குதிரைக்கொம்பு. பி.டி.ஐ. தாளின் நகலை கேட்டு வாங்கலாம். விற்பனை சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதம், ஆண்டு இருக்கும். கி.மீ. மீட்டரை போட்டோ எடுக்கலாம். குறை இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுதிவிட்டு பிறகு கையெழுத்து போட வேண்டும். "நாளைக்கு கொண்டு வாங்க சார், பார்த்துடலாம்" என்று சேல்ஸ் தம்பி வாயால் சொல்வது எந்த கோர்ட்டிலும் நிற்காது.

இதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம் என்று விட்டுவிட வேண்டாம். பைனான்சில் எடுக்கும் பைக்குக்கும், லோடு ஆட்டோவுக்கும் இதே சோதனைதான், இதே சட்டம்தான். புது பைக்கில் செயின் தொய்வு, பிரேக் லீவர், டயர் காற்று மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். புகார் என்று வந்தால் கோடி ரூபாய் கார்க்காரர் சென்னையில் மாநில ஆணையத்துக்கு போக வேண்டும், பீசும் கட்ட வேண்டும். ரூ.50 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், நம் மாவட்டத்துக்கு அது திருவள்ளூரில் இருக்கிறது. ரூ.5 லட்சம் வரை பீசே கிடையாது. பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.