ஹாக்கின்டோஷ் கணினியில் திரைச் சிக்கல்களும் தொடக்க ஏற்றி மாற்றமும்

ஹாக்கின்டோஷ் என்பது ஆப்பிள் நிறுவனம் தயாரிக்காத கணினியொன்றில் அந்நிறுவனத்தின் மாக் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தும் முறையையும், அவ்வாறு அமைக்கப்பட்ட கணினியையும் குறிக்கும் பெயராகும். ஹாக், மாக்கின்டோஷ் ஆகிய இரு சொற்களும் சேர்ந்து இப்பெயர் உருவானது. இத்தகைய கணினிகளில் இரண்டு சிக்கல்கள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, திரை இருண்டு போதல். மற்றொன்று, பூட்லோடர் எனப்படும் தொடக்க ஏற்றியை மாற்றும்போது கணினி எழும்பாமல் நின்றுவிடுதல். பயனருக்கு இரண்டும் வெறும் கருந்திரையாகவே தோன்றும். ஆயினும் அவற்றின் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கருதி முழு இயங்குதளத்தையும் அழித்து மீண்டும் நிறுவித் தம் கோப்புகளை இழந்தவர்கள் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

ஆப்பிள் நிறுவனம் பவர்பிசி செயலிகளிலிருந்து இன்டெல் செயலிகளுக்கு மாறப்போவதாக 2005 ஆம் ஆண்டு சூன் மாதம் அறிவித்தது. இன்டெல் செயலி கொண்ட முதல் மாக் கணினிகள் 2006 சனவரியில் வெளிவந்தன. இதனால் மாக் கணினிக்கும் கடையில் பாகங்கள் வாங்கிப் பொருத்தப்படும் சாதாரணக் கணினிக்கும் இடையே செயலி அளவில் வேறுபாடு இல்லாது போயிற்று. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் தாய்ப்பலகை, செயலி, நினைவகம் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தும் ஒருவர், கொள்கையளவில், மாக் இயங்குதளம் ஓடக்கூடிய கணினியைத் தாமே அமைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

தொடக்க ஏற்றிகள் மூன்று தலைமுறைகளாக வளர்ந்தன. ஆப்பிள் திறமூலமாக வெளியிட்ட தொடக்க நிரலின் அடிப்படையில் பூட்-132 உருவாயிற்று. அதிலிருந்து கமீலியன் பிறந்தது. 2010களின் தொடக்கத்தில் குளோவர் தோன்றி, யூஇஎஃப்ஐ நிலைபொருள் கொண்ட தாய்ப்பலகைகளுக்கு ஏற்றதாகப் பரவியது. 2019 இல் அசிடாந்தேரா குழுவின் ஓப்பன்கோர் வெளிவந்தது. பின்னர் குளோவரே தன் உட்பகுதியில் ஓப்பன்கோரின் நிரல்களைச் சேர்த்துக்கொண்டது.

தொடக்க ஏற்றியின் பணி

கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் தாய்ப்பலகையின் நிலைபொருள் முதலில் இயங்குகிறது. அது வட்டில் உள்ள ஈஎஃப்ஐ என்னும் சிறு பிரிவிலிருந்து தொடக்க ஏற்றியை எடுத்து இயக்கும். உண்மையான மாக் கணினியில் இருக்கவேண்டிய, ஆனால் இக்கணினியில் இல்லாத செய்திகளைத் தொடக்க ஏற்றி நிரப்புகிறது. கணினியின் மாதிரிப்பெயர், தொடர் எண், வன்பொருள் அட்டவணைத் திருத்தங்கள், கூடுதல் இயக்கிகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். அதன் பிறகு இயங்குதளத்தின் கருனியிடம் பொறுப்பை ஒப்படைத்து விலகிக்கொள்கிறது. வட்டிலுள்ள இயங்குதளம் மாற்றப்படுவதில்லை. எனவே தொடக்க ஏற்றி பழுதாயினும் பயனரின் கோப்புகள் அப்படியே இருக்கும். வேறொரு யூஎஸ்பி குச்சியிலிருந்து கணினியை எழுப்பி அவற்றை மீட்கலாம்.

திரை எந்தக் கட்டத்தில் இருண்டது?

சிக்கலைக் கண்டறிய முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. தொடக்க அளபுருக்களில் சிறுகோடும் வி என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால், ஆப்பிள் சின்னத்திற்குப் பதிலாகக் கருனியின் செய்திகள் வரிவரியாகத் திரையில் ஓடும். அவற்றைக்கொண்டு மூன்று கட்டங்களைப் பிரித்தறியலாம்.

முதற் கட்டம்: தொடக்க ஏற்றியின் பட்டியலே தோன்றவில்லை. இது மாக் இயங்குதளத்தோடு தொடர்பற்றது. திரையின் கம்பி தனி வரைகலை அட்டையில் செருகப்படாமல் தாய்ப்பலகையில் செருகப்பட்டிருத்தல், நிலைபொருளின் அமைப்பு மாறியிருத்தல், ஈஎஃப்ஐ பிரிவில் கோப்புகள் இடம் மாறியிருத்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

இரண்டாம் கட்டம்: பட்டியல் தோன்றுகிறது. ஆனால் மாக் வட்டைத் தெரிந்தவுடன் சில வரிகளில் செய்திகள் நின்றுவிடுகின்றன. திரையில் எழுத்துகள் உறைந்து நிற்கும். இது திரைச் சிக்கல் அன்று. நினைவக ஒதுக்கீடு, வன்பொருள் அட்டவணை, இயக்கி ஆகியவற்றுள் ஒன்றின் பிழையாகும். தொடக்க ஏற்றியின் அமைப்புக் கோப்பையே திருத்தவேண்டும்.

மூன்றாம் கட்டம்: செய்திகள் தடையின்றி ஓடி முடிகின்றன. வரைகலைத் திரை தோன்றவேண்டிய நொடியில் எல்லாம் இருண்டுவிடுகிறது. இதுவே உண்மையான திரைச் சிக்கல். கணினி உள்ளே இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கு அழுத்தும்போதெல்லாம் மாறுகின்றதா என்று பார்ப்பதும், உள்ளகப் பிணையத்தில் உள்ள மற்றொரு கணினியிலிருந்து தொடர்புகொண்டு பார்ப்பதும் எளிய சோதனைகள்.

திரைச் சிக்கலின் காரணங்கள்

இயக்கியற்ற அட்டை: என்விடியாவின் கெப்ளர் வகை அட்டைகளுக்கு, அதாவது பெரும்பாலான ஜிடி 710 போன்றவற்றுக்கு, 2020 இல் வெளிவந்த பிக் சர் பதிப்பு வரை மாக் இயங்குதளத்திலேயே இயக்கி இருந்தது. 2021 இன் மான்டரே பதிப்பில் அது நீக்கப்பட்டது. ஜிடிஎக்ஸ் 1050 போன்ற பாஸ்கல் வகை அட்டைகளுக்கு என்விடியா தனியே வழங்கிய இயக்கி 2017 இன் ஹை சியேரா பதிப்போடு நின்றது. இத்தகைய அட்டையை வைத்துக்கொண்டு புதிய பதிப்பை நிறுவினால் தொடக்க ஏற்றியை எத்தனை முறை மாற்றினாலும் வரைகலை முடுக்கம் கிடைக்காது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 ஆகியவை பொதுவாக இடரின்றி இயங்கும். ஆர்எக்ஸ் 550 என்னும் பெயரில் இரு வேறு சில்லுகள் விற்கப்பட்டன. அவற்றுள் லெக்சா வகைக்கு நேரடி ஆதரவு இல்லை.

மாதிரிப்பெயர்ச் சோதனை: ஆப்பிளின் வரைகலைப் பகுதி கணினியின் மாதிரியைப் பார்த்து, எந்த வெளியீட்டை இயக்குவது என்று முடிவு செய்கிறது. ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசை அட்டைகள் இச்சோதனையால் கருந்திரை காட்டுவது வழக்கம். வாட்எவர்கிரீன் என்னும் நீட்சியைச் சேர்த்து, ஏஜிடிபிமாட் என்னும் அளபுருவுக்குப் பிகேரா என்ற மதிப்பை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் அச்சோதனை தவிர்க்கப்படும்.

வெளியீட்டு வரிசை: இன்டெல் செயலியின் உள்ளமை வரைகலையில், எந்தத் துளை எச்டிஎம்ஐ, எந்தத் துளை டிஸ்ப்ளேபோர்ட் என்ற பட்டியல் ஆப்பிளின் கணினிகளுக்கு ஏற்ப எழுதப்பட்டுள்ளது. கடையில் வாங்கிய தாய்ப்பலகையில் அவ்வரிசை வேறாக இருந்தால் திரை இருளும். இணைப்பு வகையை அமைப்புக் கோப்பில் திருத்துவதே தீர்வு. கம்பியை மற்றொரு துளைக்கு மாற்றிப் பார்ப்பது முதற் சோதனையாகும்.

விஜிஏ திரை: ஸ்கைலேக் தலைமுறை முதல் இன்டெல் உள்ளமை வரைகலையின் விஜிஏ வெளியீடு மாக் இயங்குதளத்தில் பெரும்பாலும் இயங்காது. பழைய விஜிஏ திரையை வைத்திருப்போர், எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மாற்றும் மின்னணு மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

திரை தெரிந்தும் சாளரங்கள் மெதுவாக நகர்ந்தால், பட்டிகளில் ஒளிபுகும் தன்மை இல்லாதிருந்தால், வரைகலை முடுக்கம் இல்லை என்று கொள்ளவேண்டும். இதுவும் இயக்கிச் சிக்கலே.

குளோவரிலிருந்து ஓப்பன்கோருக்கு மாறுதல்

இவ்விரு தொடக்க ஏற்றிகளின் அமைப்புக் கோப்புகளும் ஒரே பெயர் கொண்டவை. ஆனால் உள்ளமைப்பு வேறு. ஒன்றினதை மற்றொன்றில் இட்டால் கணினி எழும்பாது. முக்கிய வேறுபாடுகள் வருமாறு:

1. குளோவரில் நீட்சிகளை உரிய கோப்புறையில் வைத்தாலே போதும். ஓப்பன்கோரில் ஒவ்வொன்றையும் அமைப்புக் கோப்பில் பதிய வேண்டும். வரிசையும் முக்கியம். லிலு முதலிலும், அதனைச் சார்ந்த விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன் போன்றவை பின்னரும் வரவேண்டும்.
2. குளோவர் வன்பொருள் அட்டவணைகள் பலவற்றைத் தானாகத் திருத்தும். ஓப்பன்கோரில் பயனரே அவற்றைத் தயாரித்துச் சேர்க்கவேண்டும்.
3. ஓப்பன்கோர் தன் அட்டவணைத் திருத்தங்களை விண்டோசு உட்பட எல்லா இயங்குதளங்களுக்கும் அளிக்கும். எனவே அத்திருத்தங்களில் மாக் இயங்குதளத்திற்கு மட்டும் என்ற நிபந்தனை எழுதப்பட வேண்டும்.

மாற்றும் முறை பின்வருமாறு அமைதல் நன்று. முதலில் பயனரின் கோப்புகளுக்கும் ஈஎஃப்ஐ பிரிவுக்கும் படி எடுத்துவைக்க வேண்டும். இயங்கும் குளோவரை ஒரு யூஎஸ்பி குச்சியிலும், புதிய ஓப்பன்கோரை மற்றொரு குச்சியிலும் எழுத வேண்டும். மாதிரிப்பெயர், தொடர் எண், பலகை எண் ஆகியவற்றைப் பழையபடியே கொண்டுசெல்ல வேண்டும். ஓப்பன்கோருடன் வரும் சரிபார்ப்பு நிரலால் அமைப்புக் கோப்பைச் சோதிக்க வேண்டும். குளோவர் விட்டுச்சென்ற எச்சங்களை நீக்கி, என்விரேம் எனப்படும் நிலைத்த அமைப்பு நினைவகத்தைத் துடைக்க வேண்டும். குச்சியிலிருந்து பலமுறை குறையின்றி எழும்பிய பின்னரே ஓப்பன்கோரை வட்டுக்கு மாற்ற வேண்டும்.

தொடக்க ஏற்றியையும் வரைகலை அட்டையையும் இயங்குதளப் பதிப்பையும் ஒரே நேரத்தில் மாற்றலாகாது. ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் என்று கொண்டால், திரை இருளும்போது காரணம் எதுவென்று ஐயம் எழாது.

உரிமமும் எதிர்காலமும்

மாக் இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தம் அதனை ஆப்பிள் கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. 2008 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்தகைய கணினிகளை விற்ற சைஸ்டார் நிறுவனத்தின் மீது ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009 இல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 இல் அதனை உறுதி செய்தது.

2020 இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறத் தொடங்கி, 2023 இல் அம்மாற்றத்தை நிறைவு செய்தது. 2025 செப்டம்பரில் வெளியான டாஹோ பதிப்பே இன்டெல் செயலிகளில் இயங்கும் கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்தது. ஆகவே ஹாக்கின்டோஷ் முறை தன் இறுதிக் கட்டத்தில் உள்ளது.

எனினும், தொடக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்துப் பழுதறியும் முறை பிற இயங்குதளங்களுக்கும் பொருந்தும். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்சிலும் கிரப் என்னும் தொடக்க ஏற்றி, கருனி, வரைகலை இயக்கி என்ற அதே வரிசைதான் அமைந்துள்ளது. மாக் இயங்குதளம் கைவிட்ட பழைய கணினியில் லினக்சை நிறுவும் மாணவர் ஒருவர், திரை இருண்டால் அங்கும் கேட்கவேண்டியது, எந்தக் கட்டத்தில் இருண்டது என்பதையே.