நாற்பதடி கன்டெய்னரும் நாலு விரல் டப்பாவும்

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ‘கன்டெய்னர்’ என்றால் ஒரே அர்த்தம்தான். துறைமுகத்துக்குப் போகிற இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டி! எண்ணூர் கடற்கரைச் சாலையில் அவை லாரி முதுகில் ஏறி வரிசை கட்டி நிற்கும்போது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிற தாய்மாருக்கு வயிற்றில் புளி கரையும். ஆகவே மே மாதக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் நாத்தனார் மகன், “அத்தை, நல்ல கன்டெய்னரா ஒண்ணு குடுங்க, ஒளிச்சு வைக்கணும்” என்று கேட்டதும், கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் சிரித்துவிட்டார். “எங்கடா ஒளிப்ப அத? ஹார்பர்லயே எடம் இல்லாம ரோட்ல நிக்குது!”

அவன் கேட்டது டப்பா. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் சொல்லுவார். மற்றவர்கள் கைபேசியில் அந்த எண்களைப் போட்டுக்கொண்டு தேடிப் போக வேண்டும். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளேயிருந்து ஒரு சாமானை எடுத்தால், அதே மதிப்புக்கோ கூடுதலாகவோ இன்னொன்றைப் போட வேண்டும். கண்ணாமூச்சிதான். ஒளிந்துகொள்வது ஆளுக்குப் பதில் டப்பா, அவ்வளவே.

இதன் பிறப்பு 2000-ம் வருஷம். அதுவரை அமெரிக்க அரசாங்கம் செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கியே கொடுத்து வந்தது. நூறு மீட்டர் வரை தப்பிக் காட்டும். அந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் அந்தத் திரையை விலக்கினார்கள். உடனே மே 3-ம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் புத்தகம், கொஞ்சம் பணம், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் போட்டு, மரங்களுக்கிடையே பாதி புதைத்து வைத்து, எண்களை வெளியிட்டாராம். இதற்கும் தாத்தா உண்டு. 1854-லேயே இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பொட்டல்வெளியில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்தார்.

டப்பா விஷயம் என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? சமையலறை அலமாரியையே கூடத்தில் இறக்கினேன். அவர்கள் கணக்கில் நூறு மில்லிக்குள் அடங்குவது மைக்ரோ. நூறு மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை ஸ்மால். ஒன்று முதல் இருபது லிட்டர் வரை ரெகுலர். அதற்கு மேல் லார்ஜ். என் பாஷையில் சொன்னால் பெருங்காய டப்பா, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பா, அரிசித் தூக்கு, தண்ணீர் டிரம்! இங்கே தூக்கையும் டிரம்மையும் மறந்துவிடலாம். ஒளித்து வைத்த மறுநாள் யாராவது தண்ணீர் பிடிக்க எடுத்துப் போய்விடுவார்கள். ரொம்பச் சின்னதும் சரிப்படாது. என் சின்னப் பையன் தீப்பெட்டியில் வைக்கலாம் என்றான். தீப்பெட்டி ஆலையால் ஒரு பகுதிக்கே விம்கோ நகர் என்று பெயர் வந்த ஊராயிற்றே, அவன் சொன்னது பொருத்தம்தான்! ஆனால் அட்டைப்பெட்டி ஒரு பனிக்கே ஊறிப்போகும். உள்ளே பென்சிலும் போகாது. கடைசியில் கால் லிட்டர், அரை லிட்டர் டப்பாக்களே எங்களுக்குச் சௌகரியமாக இருந்தன.

பெருங்காய டப்பாவில் ஒரு சங்கடம். எத்தனை தடவை கழுவி வெயிலில் காய வைத்தாலும் வாசனை போகாது. தின்பண்டம் இருந்த டப்பாவும் அப்படித்தான். நமக்குத் தெரியாத வாசனை எலிக்கும் பெருச்சாளிக்கும் தெரியும், ஒரே ராத்திரியில் மூடியைக் கடித்துக் குதறிவிடும். இந்த விளையாட்டில் தின்கிற சாமான் எதையும் உள்ளே வைக்கக்கூடாது என்று பின்னாளில் விதியே போட்டிருக்கிறார்கள். மருந்து மாத்திரை, தீக்குச்சி, கத்தி, பிளேடும் கூடாது. டப்பாவை யார் வீட்டுக் குழந்தை திறக்கும் என்று நமக்குத் தெரியாதல்லவா?

தகர டப்பா கடற்கரை ஊருக்கு ஆகவே ஆகாது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் பொரிந்து உதிர்கிறது, தகரம் எம்மாத்திரம்? கண்ணாடி பாட்டிலுக்குள் ஈரம் போகாது, ஆனால் உடைந்தால் பிள்ளைகளின் கால் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் ஒரு கோடை வெயிலிலேயே அப்பளமாக நொறுங்கும். நாலு பக்கமும் கொக்கி மாட்டி, மூடிக்குள் ரப்பர் வளையம் வைத்த கெட்டி டப்பாதான் நிற்கிறது. குக்கரில் நமக்கு காஸ்கெட் எப்படியோ, இதற்கு அந்த வளையம்.

டப்பாவைப் பரீட்சை பண்ணிப் பார்க்க நான் ஒரு வழி செய்தேன். உள்ளே ஒரு துண்டு செய்தித்தாளை மடித்து வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே அம்மிக் குழவியைப் பாரம் வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்கக் கிடந்தது. காலையில் துடைத்துத் திறந்து பார்த்தால், ஐந்து டப்பாவில் மூன்றில் காகிதம் நனைந்திருந்தது. அந்த மூன்றில் ஒன்று, கடையில் நான் அதிக விலை கொடுத்து வாங்கியது! தேறிய இரண்டில் நோட்டை ஜிப் கவரில் போட்டு வைத்தோம். எழுதுவதற்கு பென்சில்தான். பேனா மை ஈரத்தில் ஓடும், வெயிலில் உலரும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக டப்பாவைத் தேர்ந்தெடுத்த நான், அதை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. அங்கேதான் தப்புச் செய்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் ஓடி வந்தார். “அக்கா, உங்க வூட்டுப் பசங்கள புடிச்சு வெச்சுக்கினு இருக்காங்க, சீக்கிரம் வாங்க!” போட்டது போட்டபடி ஓடினேன். சாலையோர மின்சாரப் பெட்டிக்கு எதிரே முப்பது, நாற்பது பேர் கூட்டம். நடுவில் நாத்தனார் மகனின் சட்டைக் காலரை ஒருவர் பிடித்திருக்கிறார். என் பையன் அழுதுகொண்டு நிற்கிறான். நடந்தது என்னவென்றால், பார்வைக்குத் தெரியக்கூடாது என்று டப்பா முழுவதும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கிறார்கள். பையன் குனிந்து எதையோ வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நழுவியதை ஒருவர் பார்த்துவிட்டார். கறுப்பு டேப் சுற்றிய பெட்டி, பேச்சோ வேற்றூர்ப் பேச்சு, கையில் வரைபடம் காட்டுகிற கைபேசி. ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

நல்ல வேளை, ஒரு பெண் காவலர் வந்தார். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதட்டாமல், “உள்ள இன்னா வெச்ச? சொல்லு” என்று கேட்டார். மூடுவதற்கு முன்னால் எடுத்த படம் அவன் கைபேசியில் இருந்தது. நோட்டு, பென்சில், ஆறு கோலிக்குண்டு, ஒரு சிங்கப்பூர் நாணயம். அதைப் பார்த்த பிறகுதான் என்னைத் திறக்கச் சொன்னார். திறக்கும்போது என் கை நடுங்கியது. என்ன இருக்கிறது என்று தெரிந்தும் நடுங்கியது! “ஏம்மா, சுத்தி ஆயில் டேங்க், ஹார்பர், பவர் ஹவுஸ். இங்க போய் இப்டி வெக்கலாமா? அதுவும் கரண்ட் பொட்டி பின்னால கைய வுட்டா புள்ள இருக்குமா?” என்றார். அவர் இரண்டாவதாகச் சொன்னது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை.

இது நம் ஊர் ஜனங்களின் பயம் மட்டுமல்ல. 2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் இப்படி ஒளித்து வைத்த ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்க வைத்தே அழித்தார்கள். அதனால் சகோதரிகளே, டப்பா உள்ளே தெரிகிற மாதிரி நிறமில்லாததாக இருக்கட்டும். மேலே ‘பிள்ளைகள் விளையாட்டு டப்பா’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வைக்கிற இடத்துக்கு உரியவரிடம் வாய் திறந்து கேட்டுவிட்டு வையுங்கள். பொது இடத்தில் திருட்டுத்தனமாக வைப்பது வேண்டவே வேண்டாம்.

அடுத்த நாள் மூவருமாக உட்கார்ந்து இடங்களைக் கழித்துக்கொண்டே வந்தோம். ரயில் பாதை ஓரம், துறைமுக மதில், ஆலை வேலி, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் போயிற்று. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கிற பாறாங்கற்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஆசைதான், எத்தனை இடுக்கு! ஆனால் பாசி வழுக்கும், உடைந்த பாட்டில் கிடக்கும், அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. பக்கிங்காம் கால்வாய்க் கரையும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, எண்ணூர்ப் பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் மீனவர்களின் படகிலும் வலையிலும் படிந்ததைப் பார்த்தவர்கள், அந்தச் சேற்றில் பிள்ளையைக் கை விடச் சொல்லுவார்களா?

கடைசியில் மிஞ்சியவை, எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் இடுக்கு, தையல்கடை அக்காவின் துணி அலமாரி, ராயபுரத்தில் என் அண்ணன் வீட்டுத் துளசி மாடம். கண்ணால் காவல் காக்கப் பெரியவர்கள் இருக்கிற இடங்கள். ராயபுரம் ரயில் நிலையத்தில் ஒளிக்க முடியாது, ஆனால் அங்கிருந்து ஒரு எண்ணை எடுத்து வரச் சொல்லலாமே! தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அது, திறந்தது 1856-ல். அந்த நாலு எண்ணையும் கூட்டினால் இருபது. அண்ணன் வீட்டு வாசற்படியிலிருந்து இருபது அடி வைத்தால் துளசி மாடம். அந்தத் தூண்கள் வைத்த கட்டடத்தை என் பையன் நின்று பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

ஒரு யோசனை. திருவொற்றியூர் வடக்கே சுமார் 13 டிகிரி 9 நிமிஷம், கிழக்கே 80 டிகிரி 18 நிமிஷம். நிமிஷத்தை ஆயிரம் பங்காக்கினால், வடக்கு தெற்கில் ஒரு பங்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெருக்கமான சந்துகளில் சமிக்ஞை சுவரில் மோதித் திரும்புவதால் கைபேசி எதிர்வீட்டைக் காட்டும். எண்ணோடு ஒரு விடுகதையும் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, தெருவில் நடக்கும்போது கைபேசியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு எங்கள் சாலையில் நடந்தால் லாரிக்காரருக்குப் பிள்ளை தெரியவே தெரியாது.

இனி ஒரு வீட்டு விஷயம். எழுதலாமா என்று யோசித்து, எழுதுகிறேன். இன்னும் டப்பா வேண்டும் என்று பையன்கள் பரணில் ஏறினார்கள். பழைய விளக்குமாற்றுக்கும் உடைந்த தொட்டிலுக்கும் பின்னாலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார்கள். உள்ளே ரவிக்கைத் துணியில் சுருட்டிய ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டு. பழைய நோட்டு! 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்றார்களே, அது. அந்த நவம்பரில் என் மாமியார் புளிப் பானையிலும் தலையணை உறையிலும் இருந்த சிறுவாட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் கால் கடுக்க நின்றவர். இது மட்டும் அவருக்கு நினைவிலேயே இல்லை. மூடி இறுக்கமாக இருந்ததால் ஒரு நோட்டிலும் பூஞ்சை இல்லை. டப்பாவும் பிரமாதம், ஒளித்த இடமும் பிரமாதம், ஒளித்தவருக்கே தெரியவில்லை! (பத்து நோட்டுக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் என்று 2017-ல் சட்டம் வந்தது. ஒன்பதோடு நின்றதே!)

மாமியார் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை. “இவன் பொறந்தப்ப அரைஞாண் வாங்கச் சேத்தது” என்றார், சிங்கப்பூர்ப் பேரனைக் காட்டி. அந்தப் பணம் அப்போது காணாமல் போனது எனக்குத் தெரியும். யார் மேல் சந்தேகம் விழுந்தது என்பதும் தெரியும். எட்டு மாசம் இந்த வீட்டில் நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் அதைப் பற்றி இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி மட்டும் என்னை அடுப்படிக்குள் விடாமல் அவரே தோசை வார்த்துப் போட்டார்.

ஒளித்து வைத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று பையன்கள் அதன்பிறகு சட்டம் போட்டார்கள். எண், இடம், தேதி, வைத்தவர் பெயர். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியையும் அதில் ஏற்றினார். நாத்தனார் மகன் ஊருக்குக் கிளம்புகிற அன்று ஆயாவிடம் ஒரு பழைய நோட்டைக் கேட்டு வாங்கி மொட்டைமாடி டப்பாவில் வைத்தான். அடுத்த லீவு வரை யாரும் எடுக்கக்கூடாதாம். போன வாரம் என் மாமியார் அந்த டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார். எங்கே என்று கேட்டால், “நோட்ல எழுதிட்டேன்” என்கிறார். இப்போது அந்த நோட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.